கல்லடித்தோடு வார்டில் இரண்டு லீலாபாய்

திருவனந்தபுரம் மாநகராட்சி மன்றம் ஐந்து வருஷம் ஓட வேண்டியது. பாதி வழியிலேயே படுத்துவிட்டது. ஆளும் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் எதிர்ப்பக்கம் தாவியதில் மேயருக்குப் பதவி போனது. அடுத்து வந்தவருக்கும் கை தூக்க ஆள் சேரவில்லை. கூட்டத்தில் நாற்காலிகள் பறந்தன. ஓர் உறுப்பினருக்கு நெற்றியில் தையல் போட வேண்டியதாயிற்று. கடைசியில் அரசாங்கம் மன்றத்தையே கலைத்து, உடனடித் தேர்தல் என்று அறிவித்துவிட்டது.

செய்தி வந்தபோது லீலாபாய், தான் வேலை பார்க்கும் தம்பானூர் லாட்ஜின் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கைகளில் அழுக்கு விரிப்புகள், முகத்தை மறைக்கிற உயரத்துக்கு. வரவேற்பு மேசைக்கு மேலிருந்த டிவியில் ஒருத்தர் மலையாளத்தில் மூச்சுவிடாமல் கத்திக்கொண்டிருக்க, மேனேஜர் கைதட்டினார். அவருடைய கட்சிக்கு அது நல்ல செய்தி.

"அப்பம் எங்க சுவரு?" என்று லீலாபாய் கேட்டாள்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சுவர் என்று அவள் கேட்டது தோட்டங்கரைச் சுவரை. ரயில் பாதைக்குப் பின்னால், இந்த ஊரில் தோடு என்று சொல்கிற கால்வாய்க் கரையில் இருக்கிறது கல்லடித்தோடு காலனி. பாதிக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள். சென்ட்ரிங் வேலைக்கும் ஹோட்டல் வேலைக்கும் கடை வேலைக்கும் தக்கலையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் அம்பாசமுத்திரத்திலிருந்தும் வந்து தங்கிவிட்டவர்கள். இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் கரைச்சுவர் ஒரு லாரி நீளத்துக்கு இடிந்து தோட்டுக்குள் விழுந்தது. அன்றிலிருந்து பலத்து ஒரு மழை பெய்தால் போதும், ஊரின் சாக்கடையெல்லாம் சேர்ந்த கறுப்புத் தண்ணீர் அந்த உடைப்பு வழியாக உள்ளே வரும். உடைப்புக்கு நேர் எதிரே இருந்தது லீலாபாயின் வீடு. முதல் தண்ணீர் அவள் அடுப்படிக்குத்தான். பலபேர் பலநாள் நடந்து, கடைசியில் போன மாதம்தான் மன்றத்தில் சுவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. வேலை தொடங்குவதற்குள் மன்றமே இல்லை. இனி தேர்தல் முடிகிறவரை ஒரு கல்லும் நகராது.

அந்த வாரம் பிரஜின் வீட்டுக்கு வந்தான். அதே காலனியில் பிறந்து வளர்ந்தவன். அவன் அம்மா வடிவம்மாள் தெருமுனையில் பெட்டிக்கடை வைத்திருந்தாள். அவனுக்கு வேலை கட்சி வேலைதான். லாட்ஜ் மேனேஜர் கைதட்டிய அதே கட்சி. பேசினால் பாதி தமிழ், பாதி மலையாளம்.

"லீலாக்கா, ஒரு சகாயம் வேணும். நீங்க நம்ம வார்டுல எலெக்‌ஷனுக்கு நிக்கணும்."

லீலாபாய் சிரித்துவிட்டாள். "உங்க கட்சிக்கு ராஜஸ்ரீ மேடம்தான் நிக்குதுன்னு போஸ்டரே ஒட்டியாச்சே?"

"அது பார்ட்டி. நீங்க சுயேச்சை. தமிழ் ஆளு ஒருத்தர் நின்னா காலனி விஷயம் பேச்சுக்கு வருமில்ல? ஒண்ணும் செய்ய வேண்டாம். கையெழுத்து மட்டும். பாக்கி எல்லாம் ஞான் பாத்துக்கிறேன். பேடிக்கண்டா, ஒரு பயமும் வேண்டாம்."

அவன் சொன்னதில் பாதியைத்தான் அவள் நம்பினாள். மீதிப் பாதிக்கு நன்றி இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் அவள் புருஷன் நெல்லையப்பன் சென்ட்ரிங் பலகையோடு இரண்டாம் மாடியிலிருந்து விழுந்தபோது, ரத்தம் கொடுக்கப் பையன்களைத் திரட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவன் பிரஜின். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

விஷயம் என்னவென்று சபீனா சொல்லித்தான் தெரிந்தது. சபீனா அதே லாட்ஜில் வேலை செய்பவள், அதே காலனியில் குடியிருக்கும் கடையநல்லூர்க்காரி, மலையாளப் பத்திரிகையை எழுத்து விடாமல் படிப்பவள். மத்தியானச் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பத்திரிகையைப் புரட்டியவள், அப்படியே நிமிர்ந்து பார்த்தாள்.

"அக்கா, ஒன் பேரு போட்டிருக்கு. 'கல்லடித்தோட்டில் லீலாபாய் டீச்சருக்கு அபர'ன்னு."

"அபரயா?"

"தெரியாத மாதிரி கேக்க? பேரு ஒண்ணா இருக்க ஆளைப் பிடிச்சு நிறுத்துவானுவல்ல, ஓட்டைக் கலைக்க. அந்த அபரன். பொம்பளையா இருந்தா அபர. நீதான் அது."

இந்த ஊரில் இருபது வருஷமாக ஒவ்வொரு தேர்தலிலும் அவள் கேட்ட வார்த்தைதான். யாரோ ஒரு ஜோசப்புக்கு எதிராக இன்னொரு ஜோசப், யாரோ ஒரு சுரேஷுக்கு எதிராக மூன்று சுரேஷ். கேட்டுச் சிரித்திருக்கிறாள். ராஜஸ்ரீயின் எதிரி லீலாபாய் டீச்சர், கலைந்த மன்றத்தில் இதே வார்டின் கவுன்சிலர். டீச்சருக்குச் சின்னம் நிலவிளக்கு. லீலாபாய்க்குக் கிடைத்த சின்னம் மெழுகுதிரி. வாக்கு இயந்திரத்தில் இரண்டு பெயரும் அடுத்தடுத்து இருக்கும், எதிரே இரண்டிலும் உச்சியில் ஒரு தீநாக்கு. கண்ணாடி போடாத ஒரு கிழவிக்கு இரண்டும் ஒன்றுதான்.

சாயங்காலம் பெட்டிக்கடை முன்னால் வைத்துப் பிரஜினைப் பிடித்தாள். அவன் கொஞ்சமும் கூசவில்லை.

"எல்லாரும் செய்யிறதுதானே அக்கா? அவங்களும் ஒரு ராஜஸ்ரீயைத் தேடி நடந்தாங்க, கிட்டியில்ல. அத்ரயே உள்ளூ, அவ்வளவுதான்."

கடைக்குள்ளே வடிவம்மாள் தலை நிமிராமல் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தாள்.

பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள இன்னும் அவகாசம் இருந்தது. வாங்கிவிடுவது என்றுதான் லீலாபாய் முடிவு செய்திருந்தாள். அந்த முடிவைக் கெடுத்தவர் டீச்சர்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் காலையில் டீச்சரே வீடு தேடி வந்தார். கூட மூன்று ஆண்கள். லீலாபாய் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்கார்ந்து, சுவரில் தண்ணீர் நின்ற கறையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். தெற்குத் திருவிதாங்கூர்க்காரர், தமிழ் வரும்.

"லீலாபாயே, எனக்கு உங்க மேல ஒரு கோபமும் இல்ல. உங்களை யாரோ பறஞ்சு பற்றிச்சது. ஏமாத்தினது. நாளைக்கு ஓஃபீசுக்கு வந்து பேரைப் பின்வலிச்சா போதும். என் வண்டி வரும்."

"வாறேன் டீச்சரே. நான் அதைத்தான் நெனச்சேன். எனக்கு இதெல்லாம்—"

அப்போது பின்னால் நின்றவர்களில் ஒருத்தர், சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தவர், பக்கத்திலிருந்தவரிடம் மலையாளத்தில் மெல்லச் சொன்னார்: இதுக்குத் தன் பேரை எழுதத் தெரியுமா? எவ்வளவு வாங்கினாளோ, அதைவிடக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் தீர்ந்தது.

டீச்சர் அதைக் கேட்டார். அந்த ஆளைத் திட்டவில்லை. லீலாபாயின் முகத்தைப் பார்த்தார், ஒருவேளை அது சரிதானோ என்கிற மாதிரி.

"எழுதானறியாம்," என்றாள் லீலாபாய். "வாயிக்கானும் அறியாம்." எழுதவும் படிக்கவும் தெரியும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் தமிழுக்கு வந்தாள். "நான் ஒரு பைசா வாங்கல்ல டீச்சரே. நீங்க கவுன்சிலரா இருந்த காலம் பூரா இந்தத் தண்ணியில நின்னுதான் நான் சோறு பொங்கினேன். ஒருக்க வந்து பாத்தியளா? இண்ணைக்குத்தான் இந்த வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா?"

"நான் எத்ர தவண ஃபைல் அனுப்பினேன்னு உங்களுக்குத் தெரியுமா? ரெயில்வே நிலம், இரிகேஷன் நிலம்னு ஒவ்வொருத்தனும்—"

"எனக்குத் தெரியாது. யாரும் வந்து சொல்லல்லியே."

டீச்சர் எழுந்தார். நிஜமாகவே வருத்தப்பட்ட முகம். ஆனால் வாசலில் செருப்பு மாட்டும்போது, "யோசிச்சுப் பாருங்க. இதில உங்களுக்குக் கிடைக்கப்போவது ஒண்ணும் இல்ல" என்றார்.

அது உண்மைதான். அதுதான் லீலாபாய்க்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வண்டி வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவள் லாட்ஜில் மூன்றாம் மாடியில் மெத்தை தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, நீ நெசமாவே நிக்கியா?" என்றான் நெல்லையப்பன்.

"நின்னா என்ன?"

"செயிக்கப் போறியாக்கும்?"

"இல்ல."

"பெறகு எதுக்கு?"

அரிசியை இன்னொரு தரம் கழுவினாள்.

நோட்டீஸ் இல்லை, மைக் இல்லை, ஜீப் இல்லை. சபீனா ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து, அதில் பச்சை மையால் மூன்று மெழுகுதிரி வரைந்து கொடுத்தாள். வேலை முடிந்து வருகிற வழியிலேயே இருவரும் வீடு வீடாக ஏறினார்கள். லீலாபாய்க்கு மேடைப்பேச்சு வராது. ஒரே பேச்சுத்தான், எல்லா வாசலிலும், தமிழுக்குத் தமிழ், மலையாளத்துக்கு மலையாளம்.

"எனக்க பேரு லீலாபாய். டீச்சர் இல்ல, வேற ஆளாக்கும். தோட்டங்கரைச் சுவரு உடஞ்ச எடத்துல முதல் வீடு எனக்க வீடு. டீச்சருக்குப் போடணும்னா விளக்குல அமுக்குங்க. எனக்குப் போடணும்னா மெழுகுதிரியில அமுக்குங்க. மாத்தி அமுக்காதீங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் கதவையே திறக்கவில்லை. மேட்டுத்தெருவில் தையல்கடை வைத்திருந்த சரோஜம் என்ற மலையாளிப் பெண் மட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, "அபரன்மாரு வீடு கேறி ஓட்டு சோதிக்கிறது ஞான் ஆத்யமாயிட்டு காணுகயா" என்று சொல்லி, இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுத்தாள். அபரன் வீடு ஏறி ஓட்டுக் கேட்பதை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறாளாம்.

மூன்றாம் நாள் லாட்ஜ் வாசலிலேயே பிரஜின் வந்து நின்றுவிட்டான். முகம் சிவந்திருந்தது.

"அக்கா, நீங்க என்ன செய்யிறீங்க? ஓட்டு கேட்டு நடக்கிறீங்களா?"

"வேட்பாளரு பின்ன என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்னு ஞான் பறஞ்சதல்லே? சும்மா வீட்டுல இருந்தாப் போதும். நீங்க வீடு வீடாப் போய் விளக்கு வேற, திரி வேறன்னு படிப்பிச்சுக் கொடுத்தா, பின்ன எதுக்கு உங்களை நிறுத்தினது?" அவனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. "அதுவும் நம்ம காலனியில கேக்கிறீங்க! காலனி ஓட்டு ராஜஸ்ரீ மேடத்துக்குள்ளது."

"அது எப்பம் எழுதிக் குடுத்தோம்?"

"மேலேருந்து என்னைத்தான் சீத்த விளிக்கிறாங்க, திட்டித் தீக்கிறாங்க. ஒரு அபரயை நிறுத்தச் சொன்னா, நம்ம ஓட்டைத் தின்ன ஒரு ஆளை நிறுத்திட்டு வந்திருக்கேன்னு." குரலைத் தாழ்த்தினான். "அண்ணன் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ நான் ஓடினது மறந்துபோச்சா?"

லீலாபாய் அவன் பைக்கின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "அந்த ரத்தத்துக்கு நான் சாவுற வரைக்கும் நன்றி சொல்லுவேன் மக்களே. ஆனா அது எனக்க வாயை மூடுகதுக்குக் குடுத்த ரத்தமா?"

அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

அதற்கப்புறம் நடந்தது ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாகத்தான் நடந்தது. மேனேஜர் அவளை மாடி வேலையிலிருந்து கீழே, ஜன்னல் இல்லாத துணி துவைக்கும் அறைக்கு மாற்றினார். காரணம் கேட்டதற்கு, "வேட்பாளருக்கு ரெஸ்ட் வேண்டாமா?" என்று சிரித்தார். நெல்லையப்பனைச் சென்ட்ரிங் கான்ட்ராக்டர் கூப்பிடவில்லை. அவர் போனை எடுக்கவும் இல்லை. லீலாபாய் தேர்தல் அலுவலகத்துக்குப் போய், தன் சின்னம் வரைந்து வாசலில் மாட்டியிருந்த ஒரே ஒரு அட்டையையும் யாரோ கிழித்துவிட்டார்கள் என்று புகார் சொன்னாள். அங்கே இருந்தவர், யார் கிழித்தது என்று பார்த்தவர் உண்டா என்று கேட்டார். இல்லை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். தேர்தலுக்கு முந்தின வாரம் ஒரு மாலையில் பெருமழை கொட்டியது. கறுப்புத் தண்ணீர் வழக்கம்போல அடுப்படிக்கு வந்தது. மறுநாள் காலையில் ராஜஸ்ரீயும் டீச்சரும் தனித்தனியே வந்து, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, உடைப்புக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். லீலாபாய் வீட்டுக்குள்ளிருந்து வாளி வாளியாகத் தண்ணீரை வெளியே வீசிக்கொண்டிருந்தாள். படம் எடுப்பவன், "சேச்சி, ஒரு நிமிஷம் நிர்த்தாமோ? ஃபிரேமில் வெள்ளம் தெறிக்கிறது" என்றான். அவள் நிறுத்தவில்லை.

தண்ணீரைப் பார்க்க மூன்றாவது அணியின் வேட்பாளர் மகேஷ்குமார் வரவே இல்லை. ஃபிளாட் கட்டி விற்பவர். அவருடைய போஸ்டர் மட்டும் காலனி மதிலெல்லாம் நனைந்து தொங்கியது.

வாக்குப்பதிவு நாளன்று பள்ளிக்கூட வாசலில் வரிசை நீண்டிருந்தது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்த ஒரு கிழவி லீலாபாயின் கையைப் பிடித்து, கண்ணெல்லாம் சிரிப்பாக, "மோளே, நீ பறஞ்ச போலத்தன்னே. விளக்கிலிட்டு ஒரு குத்து!" என்றாள். லீலாபாய் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "நல்லது அம்மச்சி" என்றாள்.

எண்ணிக்கை அன்று அவளும் வேட்பாளர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனாள். கல்லடித்தோடு வார்டு முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஜெயித்தது மகேஷ்குமார். தொண்ணூற்றுச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் இரண்டாவது டீச்சர். டீச்சருக்குக் கொஞ்சம் பின்னால் ராஜஸ்ரீ. லீலாபாய், மெழுகுதிரி, நூற்றி எண்பத்தேழு.

அந்த எண்ணைக் கேட்டபோது அவளுக்கு நெஞ்சு ஒருமுறை குதித்தது. முழுசாக மூச்சு விடுவதற்குள் சட்டைப்பையில் இரண்டு பேனாக்காரர் முன்னால் வந்து நின்றார். "நூற்றி எண்பத்தேழு! அத்ரயும் டீச்சருக்கு விழ வேண்டிய வோட்டு. சந்தோஷமாயோ?"

பின்னாலிருந்து பிரஜின் கத்தினான். "டீச்சர் வோட்டோ? அது முழுவன் காலனி வோட்டு! ராஜஸ்ரீ மேடத்துக்கு வர வேண்டியது!"

இரண்டு பேரும் அந்த ஓட்டுகளுக்காக அவள் தலைக்கு மேலே சண்டை போட்டார்கள். வெளியே டிவிக்காரர், 'அபர பிடித்த வோட்டு' ஜெயத்தைப் புரட்டிப் போட்டது என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுல எனக்குன்னு ஒண்ணுகூட இல்லியா?" என்றாள் லீலாபாய். இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

டீச்சர் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார். லீலாபாய் பக்கத்தில் போனாள்.

"டீச்சரே, நான் ஒவ்வொரு வாசல்லயும் சொன்னேன், மாத்தி அமுக்காதீங்கன்னு."

"கேட்டேன். எல்லாரும் பறஞ்சாங்க." டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். "ஆனா அந்த நூற்றி எண்பத்தேழில் எது தெரிஞ்சு போட்டது, எது தெரியாம போட்டதுன்னு நான் எப்படி அறியிறது? நீங்களும்தான் எப்படி அறியிறது?"

அந்தக் கேள்வி அவளை வீட்டில் இருக்க விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வீடு வீடாக ஏறினாள். இந்தத் தடவை அட்டை இல்லை. "நீங்க எனக்கா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாரும் ஆமாம் என்றார்கள். ராஜஸ்ரீயின் கொடியை இன்னும் வாசலில் கட்டி வைத்திருந்தவர் ஆமாம் என்றார். அன்றைக்கு ஊரிலேயே இல்லாதவன் ஆமாம் என்றான். முன்பு கதவைத் திறக்காதவர்கள் திறந்து ஆமாம் என்று சொல்லி மூடினார்கள். சபீனா கணக்கு வைத்துக்கொண்டே வந்தவள், பாதித் தெருவில் நின்றுவிட்டாள்.

"அக்கா, போதும். இப்பவே எரநூறு தாண்டிட்டு. இப்படிப் போனா நீதான் மேயர்."

லீலாபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். திரும்பி, இறங்கிவந்த முதல் வாசலிலிருந்தே மறுபடியும் தொடங்கினாள். "எனக்குப் போட்டீங்கல்லா? அப்பம் நாளைக்குக் காலையில எனக்கூட மாநகராட்சி ஆபீசுக்கு வாங்க. சுவரு விஷயம் கேக்கணும். பெட்டிக்கடை முன்னால நிப்பேன்."

மறுநாள் பெட்டிக்கடை முன்னால் நெல்லையப்பன் நின்றான். அவனுக்கு வேலையும் இல்லை. சபீனா லீவு சொல்லிவிட்டு வந்தாள். வேறு யாரும் வரமாட்டார்கள் என்று நடக்கத் தொடங்கியபோது, மேட்டுத்தெருவிலிருந்து சரோஜம் குடையோடு இறங்கி வந்தாள். அப்புறம் கடையின் பலகைக் கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது, பக்கத்து வாசல் திறந்தது. வடிவம்மாள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சித்தி, நீங்களா?" என்றாள் லீலாபாய்.

"ஒனக்குத்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்," என்றாள் வடிவம்மாள். "அவன்கிட்டச் சொல்லிராத. வீட்டுல சண்டை போடுவான்."

அவளோடு சேர்த்து ஐந்து பேர். லீலாபாய் மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். இவர்கள் போட்டது தெரிந்து போட்டது. அந்த அளவுக்காவது தெரிந்தது.

ஆபீசில் ஒருத்தர் பொறுமையாகவே பதில் சொன்னார். புது மேயர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மூன்று அணிக்கும் ஏறக்குறைய சமமான இடம். மேயர் வந்து, கமிட்டிகள் அமைந்து, பிறகுதான் பழைய வேலைகளை எடுப்பார்கள்.

"எப்பம் வருவாரு மேயரு?"

"அது தெய்வத்தினு பறயாம், கடவுளுக்குத்தான் தெரியும்."

"எங்க வார்டு கவுன்சிலரைப் பாக்கணும்."

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரித்தார். புது உறுப்பினர்களை எதிர்ப்பக்கம் இழுத்துவிடும் என்று பயந்து மகேஷ்குமாரின் அணி தன் ஆட்கள் எல்லாரையும் பொன்முடியில் ஒரு ரிசார்ட்டில் கொண்டுபோய் வைத்திருக்கிறது, மேயர் தேர்தல் அன்றுதான் இறக்குவார்கள் என்றார்.

படியிறங்கியதும் நெல்லையப்பன் பீடியைப் பற்ற வைத்தான். "சரி, வீட்டுக்குப் போவோம்."

"பொன்முடிக்குப் பஸ் எத்தனை மணிக்கு?" என்றாள் லீலாபாய்.

விதுரா வரை பஸ் கிடைத்தது. அங்கே சந்தையில் அடுத்த வண்டிக்காக மத்தியானம் வரை காத்து நின்றார்கள். சரோஜம் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தாள். மலை வளைவுகளில் வடிவம்மாளுக்குத் தலை சுற்றியது. ரிசார்ட் கேட்டில் மூடுபனி இறங்கியிருந்தது. காவலாளி உள்ளே விடவில்லை. சபீனா சத்தம் போட்டாள். நெல்லையப்பன் அதைவிடப் பெரிய சத்தம் போட்டான். கடைசியில் அரைக்கால் சட்டையும் கம்பளிக் குல்லாயுமாக மகேஷ்குமாரே நடந்து வந்தார், யாரோ கட்சி மாற்ற ஆள் அனுப்பிவிட்டார்களோ என்று பயந்த முகத்தோடு.

லீலாபாய் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சுவர் விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டார். முழுவதும் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"காலனியா? அங்கே எனக்கு ஓட்டே இல்லையே," என்றார் நல்ல தமிழில். "நீங்க எனக்குப் போட்டீங்களா?"

"இல்ல. உங்களுக்கு எதிரா நின்னேன்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "ஓ, அந்த லீலாபாய்! அப்ப நான் உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும்." சிரித்தார். "அப்புறம் எதுக்கு என்கிட்ட வந்தீங்க?"

"ஜெயிச்சது நீங்கல்லா?"

அவருடைய சிரிப்பு நின்றது. மேயர் தேர்தல் முடியட்டும், பார்க்கலாம் என்றார். எந்த நாள் பார்ப்பீர்கள் என்று அவள் கேட்டாள். முடியட்டும் என்றார். மழைக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்டாள். உள்ளிருந்து யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். காவலாளி கேட்டின் இன்னொரு தாழ்ப்பாளையும் போட்டான்.

கீழே போகிற பஸ் காலியாக நின்றது. ஏறி உட்கார்ந்ததும் நெல்லையப்பன் ஆற்றாமையோடு முன் சீட்டில் கையால் குத்தினான். "ஒரு நாள் பூரா போச்சு. என்னத்தைக் கண்டோம்?"

முதல் வளைவிலேயே வடிவம்மாளுக்கு வாந்தி வந்தது. லீலாபாய் அவள் தலையை ஜன்னலுக்கு வெளியே தாங்கிப் பிடித்துக்கொண்டாள். பனி முகத்தில் அடித்தது. வடிவம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடியபடியே கேட்டாள்:

"நாளைக்கு யாரைப் பாக்கப் போணும்?"

"தெரியல்ல சித்தி," என்றாள் லீலாபாய். "மொதல்ல நீங்க கண்ணை மூடிக் கிடங்க. யோசிச்சுச் சொல்லுகேன்."